கேனில் விட்டுப்போன ஒரு தடவை

என் மகள் ரம்யாவுக்கு ஆறு வயது நடக்கும்போது அவளுடைய சிறுநீரக டாக்டரிடம் நான் ஒரு பொய் சொன்னேன். வாய் திறந்து சொல்லவில்லை. ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேனை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றேன், அவ்வளவுதான். அதைத் தொடர்ந்து மருத்துவமனையில் ஐந்து நாள் கழிந்தது. ரம்யா இப்போது மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து இதை எழுதுகிறேன். வேறு யாராவது ஓர் அம்மா இதே மாதிரி ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு நிற்கலாம். அவளுக்கு இது தெரிந்திருந்தால் நல்லது.

நாங்கள் சிங்காநல்லூரில் குடியிருக்கிறோம். என் கணவர் பழனிசாமி ஒரு பம்ப்செட் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறார். ரம்யாவுக்கு மூன்று வயதிலிருந்தே அடிக்கடி காய்ச்சல் வரும். சளி இருக்காது, இருமல் இருக்காது; உடம்பு மட்டும் அனலாகக் கொதிக்கும். மருந்து கொடுத்தால் இரண்டு நாளில் இறங்கிவிடும். இறங்கியதும் பாட்டிலில் இருக்கிற மிச்ச மருந்தை நான் நிறுத்திவிடுவேன், சின்ன உடம்புக்கு எதற்கு இத்தனை மருந்து என்று. எல்.கே.ஜி.யில் சேர்த்தபோது பள்ளிக்கூடத்துக் கழிப்பறை சுத்தமாக இல்லை. "ஊட்டுக்கு வந்து போய்க்கலாம், அதுவரைக்கும் அடக்கிக்கோ கண்ணு" என்று சொல்லி அனுப்பியதும் நான்தான். இந்த இரண்டையும் டாக்டர் முதல் நாளே கேட்டார். பதில் சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஐந்தரை வயதில் வந்த ஒரு காய்ச்சலில்தான் விஷயம் தெரிந்தது. கோவையில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். வலது சிறுநீரகம் சின்னதாகச் சுருங்கியிருந்தது, இடதிலும் தழும்பு. பிறகு சிறுநீர் போகிற வழியில் மெல்லிய டியூப் விட்டு, மருந்தை ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். நான்கு பேர் பிடித்துக்கொள்ள அவள் கத்திய கத்தலைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. சிறுநீர்ப்பையிலிருந்து கீழே இறங்க வேண்டிய சிறுநீர் இவளுக்கு மேலே ஏறிச் சிறுநீரகத்துக்கே திரும்பிப் போகிறது என்றார்கள். அதோடு கிருமியும் ஏறுகிறது. அந்தக் காய்ச்சல்கள் ஒவ்வொன்றும் உள்ளே ஒரு தழும்பை விட்டுவிட்டுப் போயிருந்தன.

அவளைப் பார்த்துக்கொண்டவர் டாக்டர் ஸ்டெல்லா. நாற்பது வயதிருக்கும், பருத்திப் புடவை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. நோயாளிகளைப் பார்ப்பதோடு ஆராய்ச்சியும் செய்துவந்தார். நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ள குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு நீள நோட்டில் தனித்தனியாகப் பக்கம் வைத்திருந்தார். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது, அது நாளாக ஆக எப்படி மாறுகிறது என்று அதில் எழுதிக்கொண்டு வருவார். கொஞ்சம் ரத்தத்தையும் பிள்ளையின் உயரத்தையும் மட்டும் வைத்து நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சரியாகச் சொல்லிவிட முடியுமா என்று பார்ப்பதுதான் அவர் ஆராய்ச்சி. அது தெரியும்வரை கேன்தான் வழி.

கேன் விஷயத்தை அவர் எங்களுக்கு இப்படிச் சொன்னார். நம் தசைகளிலிருந்து தினமும் ரத்தத்தில் சேர்கிற ஒரு கழிவு இருக்கிறது. கிரியாட்டினின் என்று பெயர். சிறுநீரகம் அதை வடித்து வெளியே தள்ளும். இருபத்துநாலு மணி நேரத்துச் சிறுநீரையும் ஒரு கேனில் சேர்த்து, அதில் அந்தக் கழிவு எவ்வளவு வந்திருக்கிறது, ரத்தத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று இரண்டையும் பார்த்தால், சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

என் கணவர் முகம் மலர்ந்தார். "டிஸ்சார்ஜ் பாக்கற மாதிரிங்க! நாங்க பம்பை ஓட்டித் தொட்டியில தண்ணி உட்டு, இத்தன நிமிசத்துக்கு இத்தன லிட்டருன்னு எழுதுவமுங்க."

"அதேதானுங்க. உங்க தொட்டிதான் எனக்கு இந்தக் கேன்" என்று டாக்டர் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "காலைல ஆறு மணிக்குப் போறதை வெளிய விட்ருங்க. அதுக்கப்புறம் மறுநாள் ஆறு மணி வரைக்கும் ஒரு சொட்டு விடாம இதுல சேரணும்."

முதல் முறை ஒரு சொட்டு விடவில்லை. ரம்யாவின் பின்னாலேயே ஒரு பிளாஸ்டிக் குவளையோடு திரிந்தேன். ஒவ்வொரு முறையும் மணி எழுதி வைத்தேன். டாக்டர் அந்தத் தாளைக் காத்திருந்த மற்ற அம்மாக்களிடம் காட்டி, "இவங்க செஞ்ச மாதிரி செய்யுங்க" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சிறுநீரகம் இரண்டும் சேர்ந்து பாதியளவுதான் வேலை செய்கின்றன என்று அதே கேன்தான் சொல்லியது. அந்தத் துக்கத்துக்கு நடுவிலும் அந்தப் பெருமை இருந்தது என்பதை மறைக்க முடியாது.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது முறை. "ஞாயித்துக்கிழமை பிடிச்சு, திங்கக்கிழமை கொண்டாந்துருங்க. முடியுங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சிப் பக்கம் என் தம்பி செந்திலுக்குக் கல்யாணம்.

"முடியுங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிற்பாடு எத்தனையோ தடவை என்னையே கேட்டுக்கொண்டேன். அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் சரி என்றிருப்பார். ஆனால் நம்மை மதித்து ஒருவர் கேட்கும்போது முடியாது என்று சொல்ல எங்கள் பக்கத்தில் நாக்கு வராது. பந்தியில் போதும் என்று சொல்லவே கூசுகிறவர்கள் நாங்கள். அதுவும் டாக்டரிடம்!

சனிக்கிழமை மாலையே மண்டபத்துக்குப் போய்விட்டோம். கேனைத் துண்டில் சுற்றி ஒயர் கூடையில் வைத்து, சமையலறைக்குப் பக்கத்து அறையில் ஈரச் சாக்குமேல் வைத்தேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு ரம்யா போனதை வெளியே விட்டாயிற்று. அதற்குப் பிறகு அவள் பிள்ளைகளோடு ஓட ஆரம்பித்தவள்தான், கையில் பிடிபடவில்லை. ஒன்பது மணிக்குச் சமையல்காரர் ஒருவர் என் கூடையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து ஓடினேன்.

"ஏனுங்க, அதை எங்க கொண்டு போறீங்க?"

"எண்ணெக் கேனு வெளிய கெடந்துதுங். உள்ள வெச்சர்லாம்னு..."

"ஐயோ, அது எண்ணெ கேனு இல்லீங்!"

"அப்பறம் என்னங்?"

பதில் சொல்லாமல் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நல்லவேளை, அப்போது அது காலியாக இருந்தது.

எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள்தான் அதைச் செய்ய வேண்டும். செந்திலுக்கு அக்கா நான் ஒருத்திதான். சீரை நடத்தி வைக்கிற பெரியவரை அருமைக்காரர் என்போம். அவர் சொல்கிறபடியெல்லாம் செய்துகொண்டு தம்பியின் பக்கத்தில் நின்றேன். நடுவில் எழுந்து போகிற பேச்சே கிடையாது. கூட்டத்தில் ரம்யாவைத் தேடிக்கொண்டே இருந்தேன். பதினோரு மணிவாக்கில் என் சித்தி ருக்குமணி அவளைக் கையில் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போவது தெரிந்தது. கண்ணைக் காட்டினேன். சித்தி நான் சிரிக்கிறேன் என்று நினைத்துத் திரும்பச் சிரித்தாள்.

சீர் முடிந்து நான் ஓடியபோது சித்தி பூரிப்போடு நின்றாள். "புள்ளைக்கு ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு நின்னுச்சு அம்மணி. தென்னமரத்துக்குப் பின்னால கூட்டிப் போய் உட்டுப்போட்டு வந்தேன். ஏயப்பா, எத்தன நேரம்! ரெண்டு எளனி குடிச்சிருக்கறா உம்பொண்ணு."

சித்தியிடம் நான் கேனைப் பற்றிச் சொல்லி வைக்கவில்லை. கல்யாண வீட்டில் எல்லோரிடமும் பிள்ளையின் நோயைப் பற்றிச் சொல்வானேன் என்று இருந்துவிட்டேன். "சரிங் சித்தி" என்று மட்டும் சொன்னேன். காலையிலிருந்து ஐந்து மணி நேரம் அடக்கி வைத்தது முழுக்கத் தென்னை மரத்தடியில் போய்விட்டது.

திங்கள் காலை வீட்டில் கேனைத் தூக்கிப் பார்த்தேன். போன தடவைக்கு எவ்வளவோ குறைவு. டாக்டர் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். இவங்க செஞ்ச மாதிரி செய்யுங்க என்று சொன்ன அதே வாயால் என்ன சொல்வார்? கணவர் வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை மொண்டு கேனில் ஊற்றிக் குலுக்கினேன். பிறகு மணி எழுதுகிற தாளில், 'காலை 11' என்று ஒரு வரி சேர்த்தேன்.

புதன்கிழமை கம்பெனிக்குப் போன் வந்தது. கணவர் பாதி வேலையில் வீட்டுக்கு வந்தார். "வேலை செய்யற அளவு கால்வாசி கொறஞ்சிருச்சாம் சாந்தாமணி. ஆறே மாசத்துல. அட்மிட் பண்ணச் சொல்றாங்க" என்றார். சட்டைகூட மாற்றாமல் பீரோவுக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.

எனக்கு உடனே அந்தத் தென்னை மரம் நினைவுக்கு வந்தது. ஒரு தடவை போனதாலா கால்வாசி குறையும்? இருக்காது, நிஜமாகவே குறைந்திருக்கும் என்று ஒரு மனம். இல்லை, நீதான் என்று இன்னொரு மனம். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அட்மிஷனுக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் ஈரோட்டுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் வியாபாரி. சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய், வாரம் இரண்டு நாள் ரயிலேறி வந்து டயாலிசிஸ் செய்துகொண்டு போகிறவர். டயாலிசிஸ் என்றால் ரத்தத்தை உடம்பிலிருந்து எடுத்து, ஒரு மெஷினில் வடிகட்டித் திரும்ப ஏற்றுவது. "நமக்கு இங்கதானுங் ஆபீசு. லீவே கெடையாது" என்று சிரித்தார். முழங்கையில் ஊசி குத்த வசதியாக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த இடம் புடைத்திருந்தது. "தொட்டுப் பாரு கண்ணு, உள்ள மோட்டார் ஓடுது" என்று ரம்யாவிடம் கையை நீட்டினார். அவள் இரண்டு விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, நெசமா ஓடுதுப்பா!" என்று குதித்தாள். கணவரும் தொட்டுப் பார்த்தார். நான் தொடவில்லை. அந்தக் கை என் மகளுடைய கையாகத் தெரிந்தது.

வார்டில் டாக்டர் ஸ்டெல்லா வந்து மெதுவாகப் பேசினார். இப்படியே குறைந்துகொண்டு போனால் சில வருடங்களில் டயாலிசிஸ், அதற்குப் பிறகு மாற்றுச் சிறுநீரகம் என்று யோசிக்க வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் ஏன் குறைகிறது என்று தெரிய வேண்டும். சனிக்கிழமை காலை மறுபடி டியூப் விட்டு அந்த எக்ஸ்ரே.

"என்ற கிட்னில ஒண்ணை இப்பவே எடுத்துக்கங்களேன்" என்றார் என் கணவர். ஏதோ பேனா கேட்டதற்கு எடுத்துக் கொடுக்கிறவர் போலச் சட்டைப் பையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்.

"இப்பத் தேவையில்லீங்க. அதைப் பத்திரமா வெச்சிருங்க, அப்புறம் வாங்கிக்கறேன்" என்றார் டாக்டர்.

ரம்யா எக்ஸ்ரே என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. அன்று முழுக்க என் சேலை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில் பெண்மணி கொடுத்த ஆரஞ்சை உரித்து எனக்கு ஒரு சுளை ஊட்டினாள். "நான் சமத்தா இருந்தா டியூப் வெக்க மாட்டாங்களாம்மா?" என்று கேட்டாள்.

மறுநாள், வெள்ளிக்கிழமை மதியம், கணவர் கம்பெனியில் லீவு சொல்லப் போயிருந்தார். ரம்யா தூங்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் ஸ்டெல்லா அந்த நீள நோட்டோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு புரிய மாட்டேங்குதுங்க" என்றார். "கால்வாசி குறைஞ்சிருந்தா ரத்தத்துல அந்தக் கழிவு ஏறியிருக்கணும். ஏறலை. ரத்தம் ஒண்ணு சொல்லுது, கேன் ஒண்ணு சொல்லுது."

நோட்டில் ரம்யாவின் பக்கத்தைத் திறந்தார். போன தடவைக்கு நேராக ஒரு எண். இந்தத் தடவைக்கு நேராக இடம் காலியாக இருந்தது. பேனா மூடியைக் கழற்றினார்.

"எழுதாதீங்க டாக்டர்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். இணைச்சீர், இளநீர், சித்தி, தென்னை மரம், டம்ளர் தண்ணீர், நான் சேர்த்து எழுதிய பதினோரு மணி. சொல்லி முடித்தபோது என் மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தன. ரம்யா எழுந்துவிடப் போகிறாளே என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

டாக்டர் பேனாவை மூடினார். "தண்ணி ஊத்துனதால ஒண்ணும் கெட்டுப்போகலைங்க" என்றார். "மோர்ல ஒரு ஸ்பூன் உப்புப் போட்டு, அதுல இன்னொரு சொம்புத் தண்ணி விட்டா மோர் சப்புன்னு ஆகும். ஆனா உப்பு அதே ஒரு ஸ்பூன்தானே? நாங்க கணக்குப் பண்றது அந்த மொத்த உப்பை. தென்னமரத்துக்குப் போச்சே, அதுலதான் உப்புப் போயிருச்சு."

"அப்ப நிஜமாக் குறையலீங்களா?"

"தெரியலைங்க. மறுபடி பிடிச்சாத்தான் தெரியும். ஆனா..." நோட்டை மூடி மடியில் வைத்தார். "எனக்கு புதன்கிழமையே சந்தேகம் வந்துச்சு. ஒரு பிள்ளையோட எடைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு கழிவு வரணும்னு ஒரு அளவு இருக்கு. அவ்வளவு வரலை. எங்கயோ ஒரு தடவை விட்டுப்போயிருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம். அன்னைக்கே உங்ககிட்டக் கேட்டிருக்கணும். இவ்வளவு கவனமாச் செய்யறவங்ககிட்டப் போய் தவற விட்டுட்டீங்களான்னு எப்படிக் கேக்கறது, மனசு சங்கடப்படுவீங்களேன்னு விட்டுட்டேன். எம்மேலயும் தப்பு இருக்குதுங்க."

டாக்டரும் எங்கள் பக்கத்துக்காரர்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் முடியாது என்று சொல்லக் கூசினேன். அவர் தவறியதா என்று கேட்கக் கூசினார். நாங்கள் இரண்டு பேரும் காட்டிய மரியாதைக்கு நடுவில் அந்தக் குழந்தை டியூபுக்காகப் பயந்துகொண்டு படுத்திருந்தது.

சனிக்கிழமை எக்ஸ்ரே வேண்டாம் என்று எழுதினார். அதற்குப் பதிலாக அன்று காலை ஆறு மணியிலிருந்து வார்டிலேயே புதிதாக ஒரு கேன்.

கணவர் வந்ததும் அவரிடமும் சொன்னேன். ஜன்னல் பக்கம் போய் நின்றார். கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு, "தொட்டியில ஓட்டை. பம்பைக் குத்தஞ்சொல்லிட்டு இருந்திருக்கறோம்" என்றார். "எங்க டெஸ்டிங்ல இப்படிச் செஞ்சா சீட்டைக் கிழிச்சுருவாங்க, தெரியுமா உனக்கு?"

"கிழிச்சுருங்க" என்றேன்.

"கிழிச்சு? இன்னொருத்திய எங்க போய்த் தேடறது? உம்பட சித்திகிட்டக் கேக்கறதா?"

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு நின்ற பிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமல்ல அம்மணி" என்றார்.

அந்த இருபத்துநாலு மணி நேரமும் குவளையை அவர்தான் கையில் வைத்திருந்தார். ரம்யா ஒவ்வொரு முறையும் போய்விட்டு வந்து, "எத்தன லிட்டருப்பா?" என்று கேட்பாள். "நல்ல டிஸ்சார்ஜுங்க மேடம்" என்று அவர் சொல்வார். அவளுக்கு அது பெரிய விளையாட்டாகிவிட்டது. வேண்டுமென்றே தண்ணீர் குடித்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேன் சரியாக நிறைந்தும் எண் குறைவாகவே வந்துவிட்டால், அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ள ஒரு தென்னை மரம்கூட இருக்காது.

திங்கள் மாலை டாக்டர் சீட்டோடு வந்தார். கதவுக்கு அருகிலிருந்தே சொல்லிவிட்டார். "அதே அளவுதாங்க. ஆறு மாசத்துக்கு முன்னாடி எவ்வளவோ, அவ்வளவேதான்."

அதே அளவு என்றால் பாதி. என் மகளுடைய சிறுநீரகங்கள் பாதிதான் வேலை செய்கின்றன. அந்தச் செய்தியைக் கேட்டு முதல் முறை தரையில் உட்கார்ந்து அழுதேன். இந்த முறை டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றேன். அவர் உட்கார்ந்து, காலியாக இருந்த இடத்தில் எண்ணை எழுதினார். ரம்யா எட்டிப் பார்த்து, "நான் பாஸாங்க?" என்றாள்.

"பாஸுதான் கண்ணு" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து படுக்கும்போது ஒரு மாத்திரை, மாதம் ஒரு முறை ரத்த அழுத்தம், மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கட்டாயம் சிறுநீர் கழிப்பது. பள்ளிக்கூடத்துக்கு நானே போய் டீச்சரிடம் பேசினேன். அவள் கை தூக்கினால் உடனே அனுப்ப வேண்டும், கழிப்பறைக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவ ஆள் வேண்டும் என்று சொன்னேன். முடியாது என்ற முகத்தோடு டீச்சர் நின்றபோதும் நான் அசையவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கேன் தொடர்கிறது. ஒரு முறை கொஞ்சம் குறைந்தது. அதற்கடுத்த முறை அப்படியே நின்றது. எவ்வளவு காலம் நிற்கும் என்று டாக்டருக்கும் தெரியாது. அவர் சொல்ல மாட்டார், நாங்களும் கேட்டு நெருக்குவதில்லை.

போன மாதம் கேனோடு போய்க் காத்திருந்தோம். எதிர் பெஞ்சில் ஒரு சின்ன வயது அம்மா, மதுக்கரையிலிருந்து வந்தவள், மடியில் கேனை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கன்னம் வீங்கிய ஒரு பையன். நர்ஸ் வந்து, "எல்லாம் சரியாப் பிடிச்சீங்களாங்க?" என்று கேட்டார்.

"பிடிச்சனுங்க" என்றாள் அவள். கேள்வி முடிவதற்கு முன்பே வந்தது பதில்.

நர்ஸ் உள்ளே போனதும் நான் எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரம்யாவுக்கு எத்தனை வயது, அந்தப் பையன் பெயர் என்ன என்று கொஞ்ச நேரம் பேசினோம். பிறகு குரலைத் தாழ்த்தி, "எத்தன தடவ தவறுச்சுங்க?" என்று கேட்டேன். தவறியதா என்று கேட்கவில்லை.

அவள் கேனைப் பார்த்தாள். பையனைப் பார்த்தாள். உள்ளே போகிற கதவைப் பார்த்தாள்.

"ரெண்டு" என்றாள். "சொன்னா வைவாங்களாங்க்கா?"

"வைய மாட்டாங்க. வாங்க, நானும் கூட வாரேன்" என்று எழுந்தேன்.